‘நமக்கெல்லாம் ஒத்து வராது’ – யார் சொன்னது?

ஜொகூர்காரர்களுக்கு மலை என்றால் தங்காக்கில் நிற்கும் குனோங் லேடாங். உயரம் 1,276 மீட்டர். நாட்டிலேயே உயரமான கினபாலு மலை 4,095 மீட்டர். எவரெஸ்ட்டோ 8,848 மீட்டர்! நேப்பாளப் பக்கம் அதன் அடிவார முகாமே 5,300 மீட்டருக்கு மேல்தான் இருக்கிறது. நம் நாட்டின் உச்சியைத் தாண்டி இன்னும் ஆயிரம் மீட்டர் போன பிறகே எவரெஸ்ட் பயணம் தொடங்குகிறது.

பனியையே பார்க்காத நாட்டில் பிறந்தவர்களுக்கு இது நடக்கிற காரியமா? 1997 மே 23ஆம் தேதி நடந்தது. எவரெஸ்ட் உச்சியில் கால் பதித்த முதல் மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும். இருவரும் நம் சமுதாயத்துப் பிள்ளைகள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில்தான் அதே மலையில் வீசிய புயலில் எட்டுப் பேர் உயிரிழந்திருந்தார்கள். ஆபத்து தெரிந்தேதான் ஏறினார்கள்.

ஏறி இறங்கும் பாடம்

எவரெஸ்ட் ஏறுபவர்கள் ஒரே மூச்சில் உச்சிக்குப் போவதில்லை. முதல் முகாம் வரை ஏறுவார்கள், இறங்கி வருவார்கள். பிறகு இரண்டாம் முகாம் வரை, மறுபடியும் இறக்கம். இப்படிப் பல வாரங்கள். உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். குறைந்த ஆக்சிஜனுக்கு உடல் பழக அவகாசம் வேண்டும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு, ஏறியவர் இறங்கி வருவது தோல்வி மாதிரி தெரியும். அதுதான் பயிற்சியே.

மனத்துக்கும் இதே விதிதான். ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் விளக்கினார். நாமே செய்து பார்த்து வென்ற அனுபவம், நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், நம் உடலும் மனமும் இருக்கும் நிலை என நான்கு ஊற்றுகளைச் சொன்னார். இவற்றில் வலிமையானது முதலாவது. தன்முனைப்புப் பேச்சு மூன்றாவது வகை. அதனால்தான் மண்டபத்தில் பொங்கிய உற்சாகம் திங்கட்கிழமை காலையில் வடிந்துவிடுகிறது.

பரம்பரைச் சொத்தா இது?

வானொலியில் நேயர்களோடு பேசும்போது சில வாக்கியங்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும். “எனக்கு இங்கிலீஷ் வராதுங்க.” “முப்பது வயசாச்சு, இனிமே என்ன படிப்பு?” “நமக்கெல்லாம் பிஸ்னஸ் ஒத்து வராது.”

இவை எங்கிருந்து வந்தன? தோட்டத்து லயத்தில் வாழ்ந்த தாத்தா, பாட்டி காலத்தில் ‘ஆசைப்படாதே’ என்பது பிள்ளை அடிபடக் கூடாது என்ற அக்கறையில் வந்த சொல். பல இடங்களில் பால்மரங்கள் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. அந்தச் சொல் மட்டும் குடிபெயரவில்லை.

அதற்காக ‘எல்லாம் மனசுதான்’ என்று சொல்லிவிட முடியாது. பணமில்லாதது, வாய்ப்பு மறுக்கப்படுவது, குடும்பச் சுமை எல்லாம் நிஜச் சுவர்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. நிஜச் சுவருக்குக் கணக்கு இருக்கும்: கட்டணம் இவ்வளவு ரிங்கிட், விண்ணப்பிக்கக் கடைசி நாள் இது, தேவையான தகுதி இன்னது. மனச் சுவரில் ‘எப்பவுமே’, ‘நமக்கெல்லாம்’ என்ற சொற்கள் மட்டும்தான் இருக்கும். முதலாவதற்கு உதவி தேட வேண்டும். தேவைப்பட்டால் குரல் கொடுக்க வேண்டும். இரண்டாவதற்குச் சிறியதாக ஒரு முயற்சி செய்து பார்த்தால் போதும்.

முதல் முகாம் எது?

விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் இளைஞர்கள் நம்மிடையே ஏராளம். குடும்பத்துக்காகப் படும் அந்தப் பாடும் ஒரு நோக்கம்தான். அதோடு, ‘எனக்கென்று எதைச் செய்ய விரும்புகிறேன்?’ என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

சொந்தமாகப் பட்டறை வைக்க ஆசையா? வேலையை விட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர் ஒருவரின் வண்டியைப் பழுது பார்த்துக் கொடுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமா? அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தடுமாறினாலும் பரவாயில்லை, அது இறங்கி வரும் நாள். அடுத்த வாரம் மறுபடியும் ஏறலாம். நீங்கள் போக நினைக்கும் பாதையில் உங்களைப் போன்ற பின்னணியிலிருந்து போனவர் யாராவது இருக்கிறாரா என்றும் தேடுங்கள். அவரிடம் பத்து நிமிடம் பேசினாலே பாதி பயம் போய்விடும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை எதையாவது விரும்பிக் கேட்கும்போது, ‘நமக்கு ஒத்து வராது’ என்று முடித்துவிடாதீர்கள். ‘அதற்கு என்ன தேவை என்று விசாரிப்போம்’ என்று சொல்லிப் பாருங்கள்.

‘மலேசியரால் எவரெஸ்ட் ஏற முடியாது’ என்ற வாக்கியம் 1997 மே 23ஆம் தேதியோடு பொய்யாகிவிட்டது. உங்கள் வீட்டில் அப்படிப் பொய்யாக வேண்டிய வாக்கியம் எது? இன்று இரவு சாப்பிட உட்காரும்போது எல்லோருமாகப் பேசிப் பாருங்களேன்.