சித்திரங்களும் சீதோஷ்ணமும்

இரண்டாம் உலக யுத்தம் மூண்டபோது, லண்டன் தேசியச் சித்திரசாலையின் அதிகாரிகள், ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு அஞ்சித் தங்கள் பாதுகாப்பிலிருந்த ஓவியங்களை வேல்ஸ் பிரதேசத்துக் கோட்டைகளிலும் கலாசாலைகளிலும் ஒளித்துவைத்தார்கள். அங்கும் அபாயம் நெருங்கவே, அவற்றைக் கானடாவுக்குக் கப்பலேற்றிவிடலாம் என்று எழுந்த யோசனையைப் பிரதமர் சர்ச்சில் நிராகரித்துவிட, 1941-இல் வட வேல்ஸில் மேனட் என்னும் மலையைக் குடைந்திருந்த ஸ்லேட்டுக் கல் சுரங்கத்துக்குள் அவை போய்ச் சேர்ந்தன. வான் டைக் தீட்டிய, குதிரைமேல் ஆரோகணித்திருக்கும் முதலாம் சார்லஸ் மன்னரின் பிரம்மாண்டமான படம் வழியிலிருந்த ரயில் பாலத்தின் அடியில் நுழையாததால், சாலையையே தோண்டித் தாழ்த்தினார்கள். மன்னர் தலை வணங்க மறுத்தால் பூமிதான் இறங்கிக் கொடுக்க வேண்டும் போலும்!

சுரங்கத்தின் உள்ளே உஷ்ணம் சுமார் 8 டிகிரி. காற்றோ இனி ஒரு துளியும் தாங்காது என்னும்படி ஈரம் நிறைந்தது. அதில் படங்களை வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆகவே குகைக்குள்ளேயே செங்கல் அறைகளைக் கட்டி, அவற்றுக்குச் செல்லும் காற்றை 17 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். அவ்வளவில் ஈரப்பதம் நூற்றுக்கு 58 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. நீரை யாரும் அகற்றவில்லை. சூடேற ஏறக் காற்று நீரைத் தாங்கும் சக்தி வளர்வதால், முன்பு நிறைவாக இருந்த அதே ஈரம் இப்போது பாதிக்குச் சற்றே மேற்பட்டதாகக் குறைகிறது. வெளியே மழையோ பனியோ எதுவாயினும் மலையின் கர்ப்பத்தில் அந்த அளவு அசையாமல் நின்றது.

அதன் பலன்தான் அதிகாரிகளை வியப்பில் ஆழ்த்தியது. லண்டனில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடேற்றத் தொடங்கியதும் காற்று வறண்டு, படங்களில் வர்ணம் கொப்புளித்து உதிர்வதும், செப்பனிடுவோர் பசையும் கையுமாக அலைவதும் வழக்கமாயிருந்தன. சுரங்கத்திலோ அந்தச் சிகிச்சைக்கு ஏறக்குறைய வேலையே இல்லாமற் போயிற்று. 1945-இல் படங்கள் லண்டனுக்குத் திரும்பியதும் பழைய வியாதியும் திரும்பியது. இதைவிடப் பிரத்தியட்சமான சோதனையை எந்த விஞ்ஞானியும் வேண்டுமென்று நடத்தியிருக்க முடியாது. பிற்பாடு அந்தச் சித்திரசாலையில் கூடத்துக்குக் கூடம் காற்றைப் பக்குவப்படுத்தும் இயந்திரங்கள் வைக்கப்பட்டதற்கு இந்த அநுபவமே தூண்டுகோல்.

காரணம் எளிது. பழைய இத்தாலியச் சித்திரங்களிற் பல மரப்பலகைமேல் வெண்சுதை பூசித் தீட்டப்பட்டவை. மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதை அறியாதவர் யார்? மரம் ஈரத்தை உண்டு பருக்கிறது, வறட்சியில் சுருங்குகிறது. அதன்மேல் ஒட்டிய சுதையும் வர்ணமும் அவ்வாறு அசைய இயலாமல் வெடிக்கின்றன. ஆகையால் ஈரம் கூடுதலா குறைவா என்பதைக் காட்டிலும், அது நிலையாக இருக்கிறதா என்பதே முக்கியமான கேள்வி.

காற்றில் ஈரம் மட்டுமா இருக்கிறது? ஓக் மரத்தால் செய்த அழகிய காட்சிப் பேழைகளே புளித்த காடியின் அமிலத்தை ஆவியாகக் கசியவிட்டு, உள்ளே பூட்டிவைத்த சங்குகளையும் ஈயப் பொருள்களையும் அரித்துவிடுவதுண்டு. காவலனே கள்வனாகும் இந்த விந்தை வெகுகாலம் யாருக்கும் புலப்படவில்லை. சங்குகளின்மேல் பூக்கும் வெண்பொடியைக் கிருமிகளின் வேலை என்று நம்பியவர்களும் உண்டு.

நம் சென்னையின் தொல்லை வேறு விதமானது. மண்ணுக்குள் நெடுங்காலம் புதைந்து கிடந்து எடுக்கப்பட்ட செப்புத் திருமேனிகளில் உப்பின் குளோரைடு ஊறியிருக்கும். ஈரக் காற்று பட்டதும் அது பச்சைப் பொடியாய்ப் பொரிந்து, அதில் பிறக்கும் அமிலம் மேலும் செம்பைத் தின்று, அவ்வினை ஓயாமல் தொடரும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் இதற்கெனவே ஓர் இரசாயனக் கூடம் தொடங்கப்பெற்று, பரமசிவன் என்ற விஞ்ஞானி மின்சாரத்தின் துணையால் அத்திருமேனிகளுக்குச் சிகிச்சை செய்தார். ஆயினும் சிகிச்சை பெற்ற விக்கிரகம் மீண்டும் ஈரத்தில் நின்றால் நோய் திரும்பக்கூடும்.

காலையில் குளிர்சாதனத்தை ஓடவிட்டு மாலையில் நிறுத்திவிட்டுப் போகும் பழக்கம் கலைப்பொருள்களுக்குச் செய்யும் உபகாரம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தினந்தோறும் ஈரத்தை ஏற்றி இறக்கும் அந்த உபகாரத்தைவிட, தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் கொண்ட பழைய கட்டடமே மேல் என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் வீட்டில் பாட்டனார் காலத்துத் தஞ்சாவூர்ப் படம் இருந்தால், அதுவும் பலகையும் துணியும் சுதையும் சேர்ந்ததுதான் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அதை மழை நனைக்கும் வெளிச்சுவரிலோ, இரவில் மட்டும் குளிரூட்டப்படும் அறையிலோ மாட்டாதீர்கள். உட்சுவரில், பின்புறம் சிறிது காற்றோட இடம் விட்டு மாட்டுங்கள்.