கரைவலையும் கைதட்டலும்

திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில், கடலில் விரித்த கரைவலையைக் கரைக்கு இழுப்பதைப் பார்த்தவர்கள், வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டையும் கேட்டிருப்பார்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பிடித்திருக்கும் மற்றவர்கள் மறுமொழி பாடுவார்கள். மறுமொழி எந்த இடத்தில் விழுகிறதோ அந்த இடத்தில் இழுவையும் விழும். தனித்தனியே எவ்வளவு முக்கி இழுத்தாலும் மீன் நிறைந்த வலைமடி அசையாது. எல்லோருடைய பலமும் ஒரே கணத்தில் கயிற்றில் ஏற வேண்டும். அந்தக் கணம் எது என்று அத்தனை உடம்புகளுக்கும் சொல்லிக் கொடுப்பது பாட்டு.

அந்தக் கரையிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் உள்ள முன்பள்ளிகளில் மூன்று வயதுப் பிள்ளைகள் வட்டமாக நின்று, ஆசிரியையோடு கைதட்டிப் பாடி, குதித்து, சுழல்கிறார்கள். படிப்புத் தொடங்கும்வரை பிள்ளைகளை மகிழ்ச்சியாக வைத்திருக்கும் பொழுதுபோக்கு என்றே பெற்றோர் பலர் இதை எண்ணுகிறார்கள். உண்மையில் படிப்பு அந்த வட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது.

தாளத்தை எதிர்பார்க்கும் மூளையோடுதான் மனிதக் குழந்தை பிறக்கிறது. ஹங்கேரியைச் சேர்ந்த இஸ்த்வான் விங்க்லரும் அவருடைய குழுவினரும் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்க, மேளத் தாளம் ஒன்றை ஒலிக்கவிட்டு மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். இடையிடையே தாளத்தின் முதல் தட்டை மட்டும் விட்டுவிட்டார்கள். வர வேண்டிய தட்டு வராத அந்த இடத்தில் மூளையலை மாறியது. தூக்கத்திலும் அந்தச் சிசுக்கள் அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தன.

காத்திருக்கும் அந்தக் காதுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது எது? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா பிலிப்ஸ்-சில்வரும் லோரல் ட்ரெய்னரும் ஏழு மாதக் குழந்தைகளோடு செய்த சோதனை இதற்கு அழகான விடை தந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது அழுத்தம் எதுவும் இல்லாத ஆறு எண்ணிக்கைத் தாளம். அதை இரண்டு இரண்டாகவும் எண்ணலாம், மூன்று மூன்றாகவும் எண்ணலாம். ஒரு பாதிக் குழந்தைகளை இரண்டுக்கு ஒருமுறையும் மறுபாதியை மூன்றுக்கு ஒருமுறையும் கைகளில் ஏந்திக் குலுக்கினார்கள். பின்னர், அழுத்தத்தோடு ஒலித்த தாளங்களில், ஒவ்வொரு குழந்தையும் தான் எப்படிக் குலுக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்குப் பொருந்தியதையே அதிக நேரம் விரும்பிக் கேட்டது. கண்ணைக் கட்டிக் குலுக்கினாலும் அதே விளைவுதான். வேறொருவர் குதிப்பதைப் பார்க்க மட்டும் விட்டபோது அந்த விளைவு வரவில்லை. 2005இல் வெளியான இந்த ஆய்விலிருந்து ஒன்று தெளிவாகிறது: உடம்பு அசைந்த விதமே காது கேட்கும் விதத்தைத் தீர்மானித்தது.

இதற்கான கருவி உட்காதிலேயே இருக்கிறது. கேட்கும் உறுப்பை அடுத்து, மெல்லிய மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சிறு பைகளும் உள்ளன. தலை அசையும்போது குழாய்களில் உள்ள திரவமும் பைகளில் உள்ள நுண்கற்களும் நகர்ந்து நுண்ணிய உணர்மயிர்களை வளைக்கின்றன. நாம் சுழல்கிறோமா, சாய்கிறோமா, மேலெழுகிறோமா என்பதை மூளை அறிவது இப்படித்தான். ஏணையில் ஆட்டும்போதும், மடியில் வைத்துத் துள்ளவிடும்போதும், கை கோத்துச் சுற்றும்போதும் இந்த உறுப்புக்கும் காதுக்கும் ஒரே தாளம் ஒரே நேரத்தில் போய்ச் சேர்கிறது. பெரியவர்கள் அசையாமல் உட்கார்ந்து தாளம் கேட்கும்போதுகூட மூளையில் அசைவைத் திட்டமிடும் பகுதிகள் விழித்துக்கொள்வதை மூளைப் படங்கள் காட்டுகின்றன.

பிள்ளையின் வளர்ச்சியை அசைவாலும் ஓசையாலும் அளக்கலாம் என்பதைத் தமிழ்ப் புலவர்கள் முன்பே கண்டிருக்கிறார்கள். குழந்தைப் பருவத்தைப் பாடும் பிள்ளைத்தமிழ் இலக்கியத்தின் பருவங்களைப் பாருங்கள். ஐந்தாம் மாதத்தில் கையூன்றித் தலையை அசைத்தாடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் இரு கையும் சேர்த்துக் கொட்டும் சப்பாணி, பின்னர் ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சின்னஞ்சிறு பறையை முழக்கும் சிறுபறை. கழுத்து உறுதி, இரு கைகளின் இணக்கம், கருவியைக் கையாளும் திறன் என்று இன்றைய குழந்தை மருத்துவர் கவனிக்கும் படிகளையே அந்த வரிசையும் தொட்டுச் செல்கிறது.

முன்பள்ளி வயதில் ஒரு புதிய படி வருகிறது: மற்றவரோடு சேர்வது. தாமாகத் தட்டச் சொன்னால் பெரியவர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தட்டு என்ற வேகத்தில் தட்டுவார்கள். நாலைந்து வயதுப் பிள்ளையின் இயல்பான வேகம் அதைவிடக் கூடியது. ஆகவே பெரியவரின் ஆறுதலான தாளத்துக்குப் பிள்ளையை இழுப்பதைவிட, முதலில் பிள்ளையின் வேகத்துக்கு நாம் போய், பிறகு மெல்ல மெல்லக் குறைத்து வருவதே முறை.

பிள்ளை யாரோடு சேர்ந்து தட்டுகிறது என்பதும் முக்கியம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் செபாஸ்டியன் கிர்ஷ்னரும் மைக்கேல் டோமசெல்லோவும் இரண்டரை வயது முதல் நாலரை வயது வரையான பிள்ளைகளிடம் மேளத்தைக் கொடுத்தார்கள். இயந்திரம் தட்டும்போதும், ஒலிபெருக்கியில் ஒலி மட்டும் வரும்போதும் இருந்ததைவிட, எதிரில் ஒரு மனிதர் இருந்து தட்டும்போது பிள்ளைகள் தாளத்தோடு நன்றாக ஒன்றினார்கள். 2010இல் அதே ஆய்வாளர்கள் நாலு வயதுப் பிள்ளைகளை இருவர் இருவராக ஒரு தவளை விளையாட்டில் சேர்த்தார்கள். சிலர் பாடி, தாளத்துக்கு நடந்து விளையாடினார்கள். சிலர் பாட்டில்லாமல் அதே விளையாட்டை விளையாடினார்கள். பிறகு ஒரு பிள்ளையின் குழாயிலிருந்து போளைகள் சிதறும்படி செய்தபோது, சேர்ந்து பாடி ஆடியவர்களே கூடுதலாக ஓடிப்போய் உதவினார்கள்.

திருகோணமலைக்கு இந்த முடிவு மிகவும் வேண்டியது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் மாவட்டம் இது. போரையும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியையும் கண்டது. மூன்று சமூகத்தாரிடமும் கோலோடு கோல் தட்டும் ஆட்டம் இருக்கிறது: தமிழரின் கோலாட்டம், கிழக்கு முஸ்லிம்களின் களிகம்பு, சிங்களவரின் லீ கெளி. இந்த ஆட்டங்களில் வலக்கையால் இடப்பக்கம் தட்ட வேண்டும், எதிரில் நிற்பவரின் கோல் வரும் கணத்தைக் கணிக்க வேண்டும், வட்டம் நகர்வதையும் கவனிக்க வேண்டும். பார்வை, சமநிலை, எண்ணிக்கை, பொறுமை நான்கும் ஒரே ஆட்டத்தில் பழகுகின்றன. பிள்ளைகளின் கைக்கு ஏற்றபடி கோலைச் சிறிதாக்கி, அடவை எளிதாக்கினால் போதும். மூன்று மரபும் எந்த முன்பள்ளி முற்றத்திலும் சந்திக்கலாம்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. இரண்டு சிரட்டை, ஒரு பால்மாப் பேணி, நாலு புளியங்கொட்டை போட்டு மூடிய போத்தல் ஆகியவையே வாத்தியங்கள். பாட்டு நின்றதும் சிலையாக நிற்கும் விளையாட்டு, ஓட விரும்பும் உடம்பை நிறுத்திப் பிடிக்கும் மன அடக்கத்தைப் பழக்குகிறது. ஆசிரியை சொல்வதைக் கேட்கவும், தன் முறை வரும்வரை காத்திருக்கவும் முதலாம் வகுப்பில் தேவைப்படுவது இதே அடக்கந்தான்.

இசை கேட்டால் பிள்ளை மேதையாகும் என்று யாரும் ஏமாற வேண்டாம். மொசார்ட்டின் இசையைப் பற்றி 1993இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு கல்லூரி மாணவர்களிடம் செய்யப்பட்டது. அதில் தெரிந்த பயனும் சிறிது நேரமே நீடித்தது. இங்கே பயன் தருவது சேர்ந்து பாடுவதும் சேர்ந்து அசைவதும்.

சில கரைகளில் கரைவலையை உழவு இயந்திரம் இழுக்கத் தொடங்கியது. இயந்திரத்துக்குப் பாட்டுத் தேவையில்லை. அதனால் அங்கே அம்பாவும் அடங்கிப்போனது. வலைக்கு அது வசதியாக இருக்கலாம். பிள்ளைக்கு அப்படியல்ல. போனில் பாட்டைப் போட்டுக் கதிரையில் இருத்திவிட்டால் ஓசை மட்டும் கிடைக்கும். கூட அசையும் மனிதர் கிடைக்கமாட்டார்.

மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து இயங்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும், திரைமுன் உட்காரும் நேரம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. ஆகவே, முன்பள்ளி ஆசிரியைகளே, கொப்பியை எடுக்கும் முன் வட்டத்தைக் கூட்டுங்கள். அம்மம்மாக்களே, அப்பாக்களே, குரல் எப்படி இருந்தாலும் உங்கள் வாயாலேயே பாடுங்கள். பிள்ளையின் கையைப் பிடித்துச் சேர்ந்து ஆடுங்கள்.