வண்டியைத் தாங்குவது எது?

மோட்டார் வண்டியைத் தலைக்குமேல் உயர்த்திப் பழுதுபார்க்க உதவும் இருதூண் தூக்கியை வீட்டுக் கராஜிலும் நாட்ட விரும்புவோர்க்கு இரண்டு சொல்ல விழைகின்றோம்.

அடைத்த எண்ணெயில் ஓரிடத்துக் கொடுத்த அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் கண்ட விதி. அவ்விதி கொண்டே 1795 இல் பிராமா என்னும் ஆங்கிலேயர் நீரழுத்தப் பொறி அமைத்து உரிமை பெற்றார். இத்தூக்கியும் அவ்வழியதே. ஆயினும் எண்ணெய் உயர்த்துவதற்கே. தாங்குவதற்கு அதனை நம்பலாகாது. குழாய் வெடிப்பின் வண்டி விழும். எனவே, இரு தூண்களிலும் இரும்புப் பூட்டு விழுந்த ஓசை கேட்டு, வண்டியைச் சற்றே தாழ்த்திப் பூட்டின்மேல் இருத்திய பின்னரே அடியிற் புகுதல் வேண்டும்.

மற்றொன்று நிலம். பூனாகலை போன்ற மலைச்சரிவில் வீட்டுத்தளம் ஒருபுறம் வெட்டியும் மறுபுறம் மண் நிரப்பியும் அமைவது. நிரப்பிய மண் மழையில் தாழும், தூண் சாயும். மழைநீர் ஊறிய மலைமண் எத்தகையது என்பதை 2014 ஒக்டோபர் 29 இல் அயலிலுள்ள மீரியபெத்தையில் கண்டு கலங்கினோம். ஆதலின், வெட்டிய கெட்டி நிலத்தில், இயந்திரம் செய்தோர் விதித்த கனத்திற் கொங்கிறீற்று இட்டு, 28 நாள் முதிரவிட்டே தூணை முடுக்குக. நிலத்தில் ஐயம் உண்டாயின் தூக்கியை நாட்டாது விடுக. வண்டியினும் உயிர் பெரிது.