சித்திரத்தின் கையொப்பம்

அம்பத்தூரில் நம் மாணாக்கன் ஒருவன், "ஸார், செயற்கை நுண்ணறிவு நொடியில் படம் போட்டுவிடுகிறதே, இனித் தைல வர்ணம் எதற்கு?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

சித்திரக் கலைக்கு யந்திரம் புதிதன்று. ராஜா ரவிவர்மா தம் தைல வர்ணச் சித்திரங்களைக் கல்லச்சில் பெருக்க 1894-ல் பம்பாயில் அச்சுக்கூடம் ஸ்தாபித்தார். அவருடைய லக்ஷ்மியும் சரஸ்வதியும் ஏழைகளின் பூஜை அறைக்கும் எழுந்தருளினார்கள். கூடவே அவர் பெயரும் வந்தது.

2018-ல் நியூயார்க் கிறிஸ்டிஸ் ஏலத்தில், யந்திரம் ஆக்கிய உருவப்படம் ஒன்று 4,32,500 டாலருக்கு விலைபோயிற்று. சுமார் 15,000 உருவச் சித்திரங்களைக் கொண்டு அந்த யந்திரம் பயின்றது. படத்தின் கையொப்பமோ ஒரு கணிதச் சூத்திரம்! அத்தனை ஓவியர்களில் ஒருவர் பெயரும் அதில் இல்லை.

தைல வர்ணம் உலரப் பல நாட்கள் ஆகும். அந்தக் காத்திருப்பிலேதான் கண்ணும் கையும் பழகுகின்றன. யந்திரத்தை நாம் வெறுக்க வேண்டுவதில்லை. ஆனால் அதற்குக் குருவாக அமைந்த ஓவியர்களுக்குப் பெயரும் கூலியும் எங்கே என்று கேட்பது நம் கடமையன்றோ?

மாணாக்கனிடம் தூரிகையைக் கொடுத்து, "உன் பெயரைத் தைரியமாகப் போடத் தகுந்த படம் ஒன்று எழுது, அப்பா" என்றோம்.