‘எனக்கும் அப்படித்தாங்க!’: தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்களுக்குக் குழு சிகிச்சை

கணவரை இழந்தவரோ, விவாகரத்தானவரோ, கைவிடப்பட்டவரோ, தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண் ‘மனசு சரியில்லை’ என்று மருத்துவரிடம் வருவது குறைவு. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை என்றுதான் வருவார். வலி மாத்திரையோடு திரும்புவார். சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வா என்று பார்த்துவிட வேண்டும்.

குழுவில் என்ன நடக்கிறது?

மனச்சோர்வுக்கான குழு சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் 2016-ல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. வாரம் ஒன்றாக எட்டு அமர்வுகள். இழப்பு, உறவில் பிணக்கு, வாழ்க்கையில் பெரிய மாற்றம், தனிமை: இந்த நான்கில் தன்னை வாட்டுவது எது என்று ஒவ்வொருவரும் முதலில் கண்டுகொள்கிறார்கள்.

பிறகு பேச்சு. ‘ஸ்கூல் ஃபார்ம்ல அப்பா பேர் எழுதுற இடம் வந்ததும் கை ஓடலை’ என்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எதிரே இருப்பவர் ‘எனக்கும் அப்படித்தாங்க’ என்கிறார். எந்த அறிவுரையும் இதற்கு ஈடாகாது. அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம், குழு சிகிச்சை பலன் தருவதற்கான காரணங்களில் ஒன்றாகவே இதைச் சொல்கிறார்.

ஒத்திகையும் உண்டு. பிள்ளையை ஊருக்கு அனுப்பச் சொல்லும் மாமியாராக ஒருவர் நடிக்க, இன்னொருவர் பேசிப் பார்க்கிறார்: ‘அனுப்புறேன் அத்தை. ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்.’ முதல் தடவை அழுகை வரும், அடுத்த தடவை கோபம் வரும். குரல் நிதானப்படும்வரை மற்றவர்கள் திருத்துகிறார்கள். மனவுறுதி என்பது பிறவிக் குணமல்ல, பழகினால் வருவது.

உகாண்டா தந்த சான்று

2002-ல் தென்மேற்கு உகாண்டாவில், எய்ட்ஸால் நிலைகுலைந்த கிராமங்களில் இந்த முறையின் முந்தைய வடிவத்தைச் சோதித்தார்கள். பங்கேற்றவர்கள் எல்லோரும் தனித் தாய்மார் அல்லர். ஆண்களுக்கும் தனிக் குழுக்கள் இருந்தன. குழுக்களை நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர், குறுகிய காலப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். முடிவில் சிகிச்சை பெற்றவர்களில் 6.5 சதவீதத்தினருக்கே கடும் மனச்சோர்வு எஞ்சியிருந்தது. பெறாத கிராமங்களில் அது 54.7 சதவீதம்.

மகளிர் சுயஉதவிக் குழு போதாதா?

போதாது என்பதே என் கருத்து. ஒரே தெருக்காரர்கள், கடன் தவணையில் கட்டுண்டவர்கள். அங்கே சொன்ன ரகசியம் மறுநாள் குழாயடிக்கு வந்துவிடும் என்ற பயத்தோடு யார் மனம் திறப்பார்? சிகிச்சைக் குழுவில் ‘இங்கே கேட்டது வெளியே போகாது’ என்பது முதல் விதி. நடத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள பக்கத்து அறையில் ஒருவர் இல்லையென்றால், வேலை முடிந்து வரும் நேரத்துக்கு அமர்வு இல்லையென்றால், மூன்றாம் வாரம் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும்.

முதலில் தனிக் கவனிப்பு

தற்கொலை எண்ணம் உள்ளவருக்கும், வீட்டில் இன்னும் அடி உதைக்கு ஆளாகிறவருக்கும் குழுவுக்கு முன்பே தனிப்பட்ட உதவி வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பார்க்கலாம். அருகில் குழு அமர்வு நடக்கிறதா என்றும் அங்கேயே விசாரிக்கலாம்.