ஜனனியின் பெயரால்

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில் பிரயாணம் செய்தவர்களுக்கு யானைமலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. துதிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானை போன்ற அந்தக் கல்மலையின் பக்கத்தில் யா. கொடிக்குளம் என்னும் கிராமம் இருக்கிறது. 2004-ம் வருஷத்தில் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை அந்தச் சாலையில் திறக்கப்பட்டது. பட்டணமும் அந்தத் திசையில் காலை நீட்டிக் கொண்டது. பிறகு கேட்பானேன்? ஏக்கர் கணக்கில் நிலம் பேசியவர்கள் சென்ட் கணக்கில் பேசத் தொடங்கினார்கள்.

அந்த ஊர்ப் பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றிருந்தது. அதற்கு மேல் படிக்க வெளியூர் போக வேண்டும். பையன்கள் எப்படியோ போய்ச் சேர்ந்து விடுவார்கள். பெண் குழந்தைகளின் விஷயம் நம் வீடுகளில் எப்படித் தீர்மானமாகிறது என்பதை நேயர்கள் அறிவார்கள். "தூரமாச்சே!" என்ற ஒரு வார்த்தையில் எத்தனையோ படிப்பு முடிந்து போகிறது. பள்ளியை உயர்த்தலாம் என்றாலோ, கட்டடம் எழுப்ப இடம் வேண்டும். அந்த இடத்தின் விலையைத்தான் மேலே பார்த்தோமே!

இந்த நிலைமையில், 2024 ஜனவரியில், 1 ஏக்கர் 52 சென்ட் நிலம் அந்தப் பள்ளிக்குத் தானமாக எழுதி வைக்கப்பட்டது. அதன் மதிப்பு சுமார் 7 கோடி ரூபாய் என்றார்கள். கொடுத்தவர் மில் முதலாளியோ ஜமீன்தாரோ அல்ல. மதுரையில் கனரா பாங்கியில் குமாஸ்தாவாக இருந்த ஆயி அம்மாள் என்கிற பூரணம் அம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். ஒரே மகள் ஜனனியை வளர்த்து ஆளாக்கினார். அந்த மகளும் தாயை முந்திக் கொண்டு போய்விட்டாள். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவ வேண்டும் என்பது ஜனனியின் ஆசையாம்.

அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று: எழும்பப் போகும் கட்டடத்துக்கு மகளின் பெயரை வைக்க வேண்டும்.

"பெயருக்காகச் செய்கிற தர்மமும் ஒரு தர்மமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கோயில் குழல் விளக்கில் "உபயம்" என்று பெரிதாக எழுதி, பாதி வெளிச்சத்தை மறைத்து விடுகிற புண்ணியவான்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்தச் சந்தேகம் வருவதில் ஆச்சரியமில்லை. ஆனால் இங்கே கொடுத்தவர் தம் பெயரைக் கேட்கவில்லை. வீட்டில் கூப்பிடுவதற்கு ஆள் இல்லாமற் போன ஒரு பெயரைத் தினந்தோறும் நூறு குழந்தைகள் வாயால் சொல்ல வேண்டும் என்று ஒரு தாய் ஆசைப்பட்டாள். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மதுரைக்குத் தெற்கே விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை பிடியரிசியில் வளர்ந்த பள்ளிக்கூடம். சமைக்கும்போது வீட்டுக்கு ஒரு பிடி அரிசியைப் பெண்கள் எடுத்து வைத்தார்கள். அந்த அரிசி சம்பளமாகவும் பலகையாகவும் மாறிற்று. அதில் படித்த காமராஜர்தான், பிற்பாடு முதன் மந்திரியாகி, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலே மத்தியானச் சோறு போட்டார். அந்தப் பிடியரிசிக்காரிகளின் பெயர் எந்தக் கல்லிலும் இருப்பதாகத் தெரியவில்லை. பெயர் வேண்டாமல் கொடுத்தவர்களும் இந்தச் சீமையில் உண்டு. பெயருக்காகவே கொடுத்த இந்தத் தாயும் உண்டு. பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

செய்தி பரவியதும் பார்லிமெண்டு அங்கத்தினர் சு. வெங்கடேசன் பாங்கிக்கே சென்று அம்மாளைக் கௌரவித்தார். குடியரசு தினத்தன்று முதன் மந்திரி ஸ்டாலின் சென்னையில் விசேஷ விருது வழங்கினார். பத்திரிகைகளில் படம் வந்தது. சாதாரணமாக இத்தகைய கதைகள் மாலை மரியாதையோடு முடிந்து விடும்.

அடுத்த மாதமே அம்மாள் இன்னும் 91 சென்ட் நிலத்தை அதே பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார்.