கையகலத் திரையில் கண்ணும் செவியும்

முன்னுரை

அறிவு புகும் வாயில்கள் பலவற்றுள்ளும் கண்ணும் செவியும் தலையாயவை. அவ்விரு வாயில்களுக்கும் ஒரே கதவாக இன்று கைப்பேசி அமைந்துவிட்டது. விருதுநகர்ப் பருப்பு மண்டியில் கணக்கெழுதுபவரும், சிவகாசி அச்சகத்தில் தாள் அடுக்குபவரும், சாத்தூர்ப் பேருந்தில் கல்லூரிக்குச் செல்லும் மாணவியும் அதன் கையகலத் திரையில்தான் உலகைக் காண்கின்றனர். கண்டவுடன் தீர்ப்பும் வழங்கிவிடுகின்றனர். "படம் தெளிவாக இல்லை", "குரல் விட்டு விட்டு வருகிறது", "சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்பன நாம் நாள்தோறும் கேட்கும் தீர்ப்புகள்.

இத்தீர்ப்புகள் எதனை அடிப்படையாகக் கொண்டு பிறக்கின்றன? கருவியின் விலையா, படப்புள்ளிகளின் எண்ணிக்கையா, அன்றிக் காண்பவரின் மனநிலையா? இவ்வினா பொழுதுபோக்கைப் பற்றியது மட்டும் அன்று. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்து வகுப்பறைகள் மூடப்பட்டபோது பாடமே கைப்பேசிக்குள் புகுந்தது. தெளிவில்லை என்று ஒரு மாணவி திரையை அணைத்தால் அன்றைய பாடம் அவளுக்கு இல்லை என்றாயிற்று. ஆகவே, காண்போர் ஒலியையும் ஒளியையும் எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்பதை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

அளவுகோல் எது?

பட்டாசின் ஒலிக்குச் சட்டம் ஓர் எல்லை வகுத்துள்ளது. தனி வெடி வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஒலி 125 டெசிபெல்லைக் கடத்தலாகாது என்பது 1999-ஆம் ஆண்டின் விதி. அளவுக் கருவியை நிறுத்தினால் எண் கிடைத்துவிடும். காணொளியின் தரத்தை அவ்வாறு ஒரே கருவியால் அளந்துவிட இயலாது. தரம் என்பது காண்பவரின் உள்ளத்தில் உருவாவது. எனவே காண்பவரையே கேட்டறிதல் வேண்டும்.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதற்கென நெறிமுறைகளை வகுத்துள்ளது. சுமார் 10 வினாடி ஓடும் காட்சிகளைக் காட்டி, காண்பவரை 5 முதல் 1 வரை மதிப்பெண் இடச் சொல்வர். மிக நன்று 5, நன்று 4, பரவாயில்லை 3, மோசம் 2, மிக மோசம் 1. அனைவர் இட்ட மதிப்பெண்ணின் சராசரியே அக்காட்சியின் தரம். விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு இதன் இடர்ப்பாடு நன்கு விளங்கும். ஒருவர் 40 இட்ட தாளுக்கு மற்றொருவர் 55 இடுவதுண்டு. ஆதலின் ஒருவர் கருத்தை வைத்து முடிவு கட்டுதல் கூடாது. 2014-இல் வெளியான பி.913 என்னும் பரிந்துரை, ஆய்வுக்கூடத்தில் குறைந்தது 24 பேரையும், பொதுவிடத்தில் குறைந்தது 35 பேரையும் கொண்டு சோதிக்க வேண்டும் எனக் கூறுகிறது. பொதுவிடத்தில் வெயிலும் இரைச்சலும் தீர்ப்பை அலைக்கழிக்கும். அதனால்தான் கூடுதல் ஆட்கள் தேவைப்படுகின்றனர். கைப்பேசி பெரிதும் பயன்படுவது அத்தகைய இடங்களில் அன்றோ!

கண்ணின் கணக்கு

சிவகாசி அச்சகத்தார்க்குக் கண்ணின் எல்லையைப் பற்றி எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அங்கு அச்சாகும் வண்ண நாட்காட்டியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் படம் மறைந்து புள்ளிகளே தெரியும். வழவழப்பான தாளில் பொதுவாக அங்குலத்திற்கு 150 வரிசைப் புள்ளிகள் இடுவர். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர். சுவரில் தொங்கும் நாட்காட்டியைச் சற்று எட்ட நின்று காணும் கண், அவற்றைப் பிரித்தறியாமல் ஒரே படமாகக் கொள்கிறது.

கைப்பேசித் திரையும் இவ்வாறே இயங்குகிறது. நல்ல பார்வை உடையவர் 35 சென்டிமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 0.10 மில்லிமீட்டர் இடைவெளியைப் பிரித்தறிவார். ஆறரை அங்குலக் கைப்பேசியைப் படுக்கைவாட்டில் பிடித்தால் காணொளியின் அகலம் சுமார் 12 சென்டிமீட்டர். அதில் 1280 படப்புள்ளிகள் அடங்கினால் ஒன்றன் அளவு 0.094 மில்லிமீட்டர். கண்ணின் எல்லையை அது தொட்டுவிட்டது. அதற்கு மேல் 1920 புள்ளிகள் இட்டாலும் தரவு செலவாகுமேயன்றிக் கண்ணுக்குக் கிடைக்கும் பயன் சிறிதே. 854 புள்ளிகள் கொண்ட 480 வரித் தரத்தில்கூட ஒரு புள்ளி 0.14 மில்லிமீட்டர்தான், நாட்காட்டிப் புள்ளிகளின் இடைவெளியைக் காட்டிலும் குறைவு!

ஆயினும், எழுத்து வரும்போது இக்கணக்கு மாறிவிடும். கரும்பலகை முழுவதையும் படம்பிடித்தால் மெய்யெழுத்தின் தலையில் இட்ட புள்ளி ஓரிரு படப்புள்ளிகளுக்குள் ஒடுங்கிவிடுகிறது. காணொளியைச் சுருக்கும்போது முதலில் மறைவதும் இத்தகைய நுண்பகுதிகளே. 'கல்' என்பது 'கல' என நிற்கும். 'பல்' என்பது 'பல' ஆகும். முகம் தெளிவாகத் தெரிகின்றமையால் காண்பவர் நன்று என 4 மதிப்பெண் இடக்கூடும், பாடமோ பிழைபட்டிருக்கும்.

வாணவேடிக்கை என்னும் கடுஞ்சோதனை

காணொளியை அனுப்பும்போது ஒவ்வொரு படச்சட்டத்தையும் முழுமையாக அனுப்புவதில்லை. முந்தைய சட்டத்திலிருந்து எது மாறியதோ அதனை மட்டும் குறித்தனுப்புவர். 2003-இல் உருவான எச்.264 முதலிய முறைகளின் அடிப்படை இதுவே. செய்தி வாசிப்பவரின் உதடும் கண்ணிமையும் மட்டுமே அசைவதால் அவரைச் சுருக்குவது எளிது. வாண வெடி அவ்வாறன்று. இருண்ட வானில் நூற்றுக்கணக்கான பொறிகள், ஒவ்வொன்றும் தனித்தனித் திசையில், நொடிக்கு நொடி நிறமும் ஒளியும் மாறிச் சிதறுகின்றன. முன்சட்டத்தைக் கொண்டு பின்சட்டத்தை ஊகிக்க இயலாது. ஒதுக்கிய தரவு போதாமையால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. வெண்பொறி வெறும் ஒளித்திட்டாகிறது. சிவகாசியில் நேரில் கண்டவர் கைப்பேசிப் பதிவைப் பார்த்து 'இது அதுவன்று' என ஏமாற்றம் கொள்வதன் காரணம் இஃதே.

ஒலியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. கைப்பேசி ஒலிவாங்கி தாங்கும் எல்லை பொதுவாக 120 முதல் 130 டெசிபெல்லை ஒட்டியது. அருகில் வெடி வெடித்தால் அலையின் முகடு வெட்டுண்டு போகும். உடனே கருவியின் தானியங்கிக் கட்டுப்பாடு ஒலியைத் தாழ்த்திவிடும். கேட்கும்போதோ, சிறிய ஒலிபெருக்கியால் தாழ்சுருதி அதிர்வை எழுப்ப இயலாது. நெஞ்சை அதிரவைத்த முழக்கம் ஒரு 'பட்' ஒலியாகச் சுருங்குகிறது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு ஆலை விபத்தில், உதவச் சென்றோரும் வேடிக்கை பார்க்கச் சென்றோரும் உயிரிழந்தனர் என்பதை நம் பகுதி மறந்திருக்க இயலாது. இன்று விபத்து நிகழ்ந்த சில நிமிடங்களில் அதன் காட்சி கைக்குக் கை பரவுகிறது. அக்காட்சியின் மெலிந்த ஒலியையும் சிறுத்த தீயையும் கண்டு 'தொலைவில் எரியும் சிறு நெருப்பு' என ஒருவர் கருதி நெருங்குவாராயின், கருவியின் குறை அவர் உயிருக்கே தீங்காய் முடியும். கைப்பேசியில் சிறிதாகத் தெரியும் வெடிப்பு நேரில் சிறிதன்று.

செவியின் தீர்ப்பு

படம், குரல் ஆகிய இரண்டனுள் எது முதன்மையானது? டேவிட் ஹாண்ட்ஸ் என்னும் ஆய்வாளர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. விரைந்த அசைவுள்ள காட்சிகளில் படத்தின் தரமே மிகுதியாகத் தீர்ப்பை நிர்ணயிக்கிறது. ஒருவர் முகம் காட்டிப் பேசும் காட்சிகளில் ஒலியின் தரம் சற்றே மேலோங்குகிறது. அவர் கண்ட மற்றோர் உண்மை, மனிதர் இவ்விரண்டையும் கூட்டிப் பார்ப்பதில்லை, பெருக்கிப் பார்க்கின்றனர் என்பதாகும். படத்திற்கு 4, ஒலிக்கு 1 எனவும், படத்திற்கு 2, ஒலிக்கு 3 எனவும் இரு காணொளிகள் இருப்பதாகக் கொள்வோம். கூட்டினால் இரண்டும் 5. பெருக்கினால் முன்னது 4, பின்னது 6. ஒன்று கெட்டால் மற்றொன்றின் சிறப்பும் கெடும் என்பதே இதன் பொருள்.

வள்ளுவர் கல்வி, கல்லாமை ஆகியவற்றை அடுத்துக் 'கேள்வி' என்றே ஓர் அதிகாரம் வகுத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. 'ஸ' போன்ற உரசொலிகளின் ஆற்றலில் பெரும்பகுதி அதற்கு மேல் இருப்பதால் அவை மங்கிவிடும். கைப்பேசி வழியே ஓதக் கற்கும் பிள்ளைக்கு ஸீன், ஸாத் ஆகிய இரண்டன் வேறுபாட்டை உஸ்தாத் எத்துணை முறை ஒலித்துக் காட்டினாலும், ஒலி குறுகினால் அது செவியை முழுமையாக எட்டுவதில்லை.

செவிக்குக் கண் துணை செய்வதும் உண்டு. தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்துகள் பிறக்கும் இடங்களை வகுத்துரைக்கிறது. அவற்றுள் பகரமும் மகரமும் இதழ் பொருந்தப் பிறப்பவை; அதனைக் கண்ணால் காணலாம். மக்கர்க், மக்டொனால்ட் ஆகியோர் 1976-இல் ஒரு சோதனை நிகழ்த்தினர். 'பா' என்னும் ஒலியைக் 'கா' எனச் சொல்லும் வாயின் படத்தோடு இணைத்துக் காட்டியபோது பலரது செவியில் 'டா' என்பதே விழுந்தது. வாயசைவும் ஒலியும் முரண்பட்டால் செவியே ஏமாறும் என்பது புலனாயிற்று.

முந்துவதும் பிந்துவதும்

ஒலி படத்திற்கு முந்தினால் ஏறத்தாழ 45 மில்லிவினாடியிலேயே காண்பவர் உணர்ந்துகொள்கின்றனர். பிந்தினால் ஏறத்தாழ 125 மில்லிவினாடி வரை உணர்வதில்லை. இது மேற்கூறிய ஒன்றியத்தின் 1998-ஆம் ஆண்டுப் பரிந்துரை தரும் அளவு. இவ்வேறுபாடு ஏன்? இயற்கையில் ஒலி ஒருபோதும் ஒளியை முந்துவதில்லை. நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் ஒலி, 40 மீட்டர் தொலைவில் வெடிக்கும் பட்டாசிலிருந்து நம்மை எட்டச் சற்றேறக்குறைய 120 மில்லிவினாடி ஆகும். முதலில் மின்னல், பின்பு முழக்கம் என்று பழகிய உள்ளம் பிந்துவதைப் பொறுக்கிறது, முந்துவதைப் பொறுப்பதில்லை.

பொறுமையின் எல்லை

மங்கலைக்கூடப் பொறுப்பவர் நிற்பதைப் பொறுப்பதில்லை. சண்முக கிருஷ்ணன், ரமேஷ் சீதாராமன் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, 2 கோடியே 30 லட்சம் பார்வைகளை ஆராய்ந்தது. காணொளி தொடங்க 2 வினாடிக்கு மேல் தாமதமானால் மக்கள் விலகத் தொடங்குகின்றனர். அதன்பின் கூடும் ஒவ்வொரு வினாடிக்கும் விலகுவோர் விகிதம் 5.8 விழுக்காடு உயர்கிறது. விரைவான இணைப்பு உடையவர்களே விரைவில் பொறுமை இழந்தனர் என்பதும் அவ்வாய்வின் முடிவு. தரம் என்பது எதிர்பார்ப்பையும் பொறுத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. 2020 மார்ச் இறுதியில் இந்தியாவின் முன்னணிக் காணொளி நிறுவனங்கள் கைப்பேசி இணைப்புகளில் தரத்தை 480 வரியாகக் குறைத்துக்கொள்ள இசைந்தன. நெரிசலில் படம் சற்று மங்கினாலும் தடையின்றி ஓடுவதே மேல் என்னும் கொள்கை அதில் அடங்கியிருந்தது.

நாம் செய்யத்தக்கவை

பாடமோ பாதுகாப்பு அறிவுரையோ பதிவு செய்வோர் விலையுயர்ந்த கேமராவைத் தேடுமுன் குரலைச் சீர்செய்தல் வேண்டும். ஒலிவாங்கி வாயருகே இருக்கட்டும், மின்விசிறி நிற்கட்டும், கதவு சாத்தப்படட்டும். கரும்பலகை முழுவதையும் காட்டாது, சில சொற்களைப் பெரிதாக எழுதி அண்மையில் காட்டுதல் நலம். நீண்ட பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்தால், இணைப்பு அறுந்த மாணவர் மீண்டும் தொடர்வது எளிதாகும்.

பதிவு முடிந்தபின் அதனை மதிப்பிட வேண்டியவர் பதிவு செய்தவர் அல்லர். பழைய கைப்பேசி வைத்திருக்கும் மாணவர் சிலரிடமும், செவி சற்று மந்தமான பெரியோர் சிலரிடமும் கொடுத்து, அவர்கள் வழக்கமாகக் காணும் இடத்திலேயே 5 முதல் 1 வரை மதிப்பெண் இடச் சொல்லலாம். அத்துடன், "என்ன சொல்லப்பட்டது?" என ஒரு வினாவும் கேட்டல் வேண்டும். மதிப்பெண் உயர்ந்தும் விடை தவறினால் அப்பதிவு தேறவில்லை.

முடிவுரை

தெளிவு என்பது கருவிக்குள் மட்டும் உறைவதன்று. காண்பவர், காணும் இடம், காணப்படும் பொருள் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் அது பிறக்கிறது. பேசும் காட்சியில் குரல் சிறக்க வேண்டும். எழுத்தில் புள்ளி நிலைக்க வேண்டும். எதிலும் ஓட்டம் தடைப்படலாகாது. பேருந்து நெரிசலில், உச்சி வெயிலில், கீறல் விழுந்த திரையில் பாடம் காணும் பிள்ளையின் கண்ணையும் செவியையும் அளவுகோலாகக் கொள்வோமாயின், நாம் அனுப்பும் கல்வி அவர்களைச் சென்று சேரும் என்பது திண்ணம்.